ஓட்டமும் ஓய்வும்

வைகறைப் பொழுதில் தில்லி லோதி தோட்டத்தில் சற்று நேரம் நின்று பார்த்தால், பல மாநிலத்தாரும் அங்கே ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். மும்பையில் மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பகுதியிலும், கொல்கத்தாவில் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையிலும், பெங்களூரில் கப்பன் பூங்காவிலும் இதே காட்சிதான். அக்கூட்டத்தில் நம்மவர் சிலரும் இருப்பர். ஓடிவரும் இருவர் தமிழில் பேசிக்கொண்டே நம்மைக் கடந்து செல்லும்பொழுது, முன்பின் அறியாதவராயினும் அவரைக் கண்டு நம் முகம் மலர்கின்றது. பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்தவர்களுக்குக் காலை ஓட்டம் உடலுக்கு மட்டுமின்றி உள்ளத்திற்கும் துணையாக அமைந்துவிடுவது உண்டு.

இவ்வாறு ஓடுகிறவர்கள் இருவர் கூடினால் தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு. நாள்தோறும் ஓடுகிறவர் வாரத்தில் ஒரு நாளேனும் ஓடாமல் இருக்க வேண்டுமா? அல்லது ஓய்வு என்பது சோம்பலுக்கு நாம் இட்டுக்கொண்ட நல்ல பெயர்தானா? இவ்வினாவைப் பற்றியே இன்று சில செய்திகளைக் கூற விரும்புகின்றேன். நான் மருத்துவன் அல்லன், ஓடுகிறவர்களுள் ஒருவன். ஓய்வின் அருமையைச் சற்றுக் காலம் தாழ்த்திக் கற்றுக்கொண்டவன்.

ஓய்வு வேண்டாம் என்போர் கூறும் காரணங்கள் கேட்பதற்கு வலிமையுடையனவாகவே தோன்றும். "நாள்தோறும் உண்கின்றோம், உறங்குகின்றோம்; ஓட்டத்திற்கு மட்டும் விடுமுறை எதற்கு? பிறந்த நாள் முதல் ஓயாது துடிக்கும் இதயம் என்றைக்காவது விடுப்பு எடுத்துக்கொண்டது உண்டா?" என்று அவர்கள் கேட்பர். அன்றியும், ஒரு நாள் விட்டால் மறுநாளும் விடத் தோன்றும், பின்னர் வழக்கமே அற்றுப்போகும் என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு. இந்த அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. நல்ல வழக்கங்கள் பல அவ்வாறுதான் அற்றுப்போகின்றன.

ஆயினும் இதயத்தைப் பற்றி அவர்கள் கூறுவது முற்றிலும் சரியன்று. நிமிடத்திற்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு ஆகும் காலம் 0.8 வினாடி. அதில் கீழறைகள் சுருங்கி உழைப்பது ஏறத்தாழ 0.3 வினாடி; எஞ்சிய 0.5 வினாடியும் அவை தளர்ந்து இளைப்பாறுகின்றன. அவ்வாறு தளரும்பொழுதுதான் இதயத்தின் சொந்தத் தசைக்குக் குருதி பெரும்பாலும் பாய்கின்றது. ஒரு நாளின் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், இருபத்து நான்கு மணி நேரத்தில் சுமார் பதினைந்து மணி நேரம் அக்கீழறைகளுக்கு ஓய்வு கிடைக்கின்றது. ஓயாத உழைப்பிற்கு எடுத்துக்காட்டாக நாம் கூறும் உறுப்பே, உழைத்த நேரத்தைவிட மிகுதியான நேரம் இளைப்பாறுகின்றது.

ஓடும்பொழுது உடல் வலிமை பெறுகின்றது என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். உண்மையில் ஓடும்பொழுது உடல் செலவழிக்கின்றது. தசைகளில் சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைப் பொருள் கரைகின்றது. தசையின் நுண்ணிய இழைகள் ஆங்காங்கே சிதைகின்றன. வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறுகின்றன. ஓட்டத்தின் முடிவில் நாம் தொடக்கத்தில் இருந்ததைவிடத் தளர்ந்தே இருக்கின்றோம். பின்னர் உண்டு, உறங்கி, இளைப்பாறும் வேளையில்தான் உடல் இழந்ததை ஈடு செய்கின்றது. ஈடு செய்வதோடு நில்லாமல், அடுத்த முறை அதே உழைப்பைத் தாங்குமாறு முன்னிருந்ததைவிடச் சற்று உறுதியாகவும் கட்டிக்கொள்கின்றது. ஆகவே பயிற்சி என்பது உழைப்பும் ஓய்வும் சேர்ந்த ஒரு முழுமை. அதில் பின்பாதியை நீக்கிவிட்டால் முன்பாதி பயன் தராது.

இந்தச் சீரமைப்புக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று கேட்டால், ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு கணக்கு இருக்கின்றது. நன்றாகச் சோறும் ரொட்டியும் உண்டால், தசையில் கரைந்த சர்க்கரைப் பொருள் ஏறத்தாழ ஒரு நாளில் மீண்டும் நிரம்பிவிடும். பழக்கமில்லாத கடும் ஓட்டத்தால் வரும் தசைவலி உடனே முழுவதும் தெரிவதில்லை. 24 மணி முதல் 72 மணி நேரத்திற்குள் உச்சத்தை அடைந்து பின்னர் தணிகின்றது. குதிகால் நாண் போன்ற தசைநாண்களுக்குக் குருதி ஓட்டம் குறைவு. ஆகையால் அவை மெல்ல மெல்லவே திருந்துகின்றன. எலும்போ இவை எல்லாவற்றிலும் நிதானமானது.

எலும்பைக் கல்லைப் போன்ற பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. அது வாழ்நாள் முழுவதும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கும் உயிருள்ள பொருள். பழுதடைந்த இடத்தை ஒருவகை உயிரணுக்கள் முதலில் அரித்து அகற்றுகின்றன. அதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். பின்னர் வேறுவகை உயிரணுக்கள் அவ்விடத்தில் புதிய எலும்பை இட்டு நிரப்புகின்றன. அதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். வீட்டைப் பழுது பார்க்கும் கொத்தனார் முதலில் பழைய காரையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தானே புதிய காரையைப் பூசுகின்றார்? சுரண்டிய சுவர் காரை பூசும் வரையில் முன்பிருந்ததைவிட வலிமை குன்றியே நிற்கும். அந்த வேளையில் அதன்மேல் நாள் தவறாமல் இடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

இதைச் சிறிது எண்களால் பார்ப்போம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் 40 நிமிடத்தில் 6 கிலோமீட்டர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு 165 அடி வைத்தால் மொத்தம் 6,600 அடிகள். ஒவ்வொரு காலுக்கும் 3,300. ஓட்டத்தில் ஒவ்வொரு முறை பாதம் தரையில் படும்பொழுதும், உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை கால்மேல் விழுகின்றது. அதாவது 130 முதல் 195 கிலோ எடையின் விசை ஒரு காலை ஒரு காலைப்பொழுதில் 3,300 முறை தாக்குகின்றது. ஓர் அடியால் எந்தத் தீங்கும் இல்லை. அளவான தாக்குதல் எலும்புக்கு நன்மையே செய்யும். ஆனால் பழுது பார்க்க இடைவெளி கொடாமல் அடிமேல் அடி விழுந்தால், மயிரிழை போன்ற கீறல்கள் ஒன்றோடொன்று கூடி எலும்பு விரிசல் காண்கின்றது.

இது இன்று நேற்றுக் கண்ட நோய் அன்று. 1855-ஆம் ஆண்டில் பிரஷ்யப் படையின் மருத்துவரான பிரைட்ஹாப்ட் என்பவர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதங்கள் வலியோடு வீங்குவதைக் குறித்து எழுதினார். அடிபடாமலும் விழாமலும் இவ்வீக்கம் வருவது எவ்வாறு என்பது அன்று விளங்கவில்லை. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 1897-இல்தான் அவ்வீக்கத்தின் உள்ளே எலும்பு முறிந்திருப்பது படத்தில் தெரிந்தது. மயிலிறகு எத்துணை மெல்லியது! அதனையும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற உவமையை, வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் அரசர்க்குக் கூறினார். ஓடுகிறவர்களுக்கும் அது பொருந்தும். நம்மை முறிப்பது ஒரு பெரிய சுமையாக இருப்பதில்லை; எண்ணிப் பாராமல் ஏற்றிய பல சிறு சுமைகளே முறிக்கின்றன.

இங்கே புதிதாக ஓடத் தொடங்குகிறவர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நெஞ்சும் மூச்சும் சில வாரங்களிலேயே ஓட்டத்திற்குப் பழகிவிடும். முதல் வாரத்தில் அரைக் கிலோமீட்டருக்கே மூச்சு வாங்கியவர், இரண்டு மாதத்தில் ஐந்து கிலோமீட்டரை எளிதாக ஓடிவிடுகிறார். "இனி நாள்தோறும் ஓடலாம், எனக்கு ஒரு களைப்பும் இல்லை" என்று மகிழ்கிறார். மூச்சு அணியமாகிவிட்டது, எலும்பும் தசைநாணும் இன்னும் அணியமாகவில்லை. பலர் கால் நொந்து ஓட்டத்தையே கைவிடுவது இந்த இரண்டாம் மூன்றாம் மாதத்தில்தான்.

என் சொந்த அனுபவத்தை இவ்விடத்தில் கூறுவது தகும் என்று நினைக்கின்றேன். தில்லிக்கு வந்து பல ஆண்டுகள் அலுவலக நாற்காலியில் கழிந்த பின், நாற்பத்தைந்தாம் வயதில் ஓடத் தொடங்கினேன். ஓடிய நாள்களை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வந்தேன். பதினான்கு மாதம் ஒரு வட்டமும் விட்டுப்போகவில்லை. மழையிலும் ஓடினேன், சளி பிடித்தபொழுதும் ஓடினேன். ஜனவரி மாதம் நடக்கும் மும்பை மராத்தானில் ஓடுவதற்குப் பெயரும் கொடுத்தேன். அப்போட்டியும் பொங்கலும் அடுத்தடுத்து வந்தமையால், அவ்வாண்டு பொங்கலுக்கு ஊருக்கு வர இயலாது என்று அன்னையாருக்குத் தெரிவித்துவிட்டேன்.

நவம்பர் இறுதியில் வலக்காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே உள்ள முன்னெலும்பில், ஒரு விரல் அகல இடத்தில் வலி தோன்றியது. வட்டம் விட்டுப்போகுமே என்று வலியோடு ஓடினேன். வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லவில்லை. டிசம்பர் நடுவில் படியில் இறங்கும்பொழுதே கால் ஊன்ற முடியாமல் போயிற்று. முதலில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியவில்லை; தொடக்கத்தில் இவ்விரிசல்கள் அதில் பெரும்பாலும் தெரிவதில்லை என்றார் மருத்துவர். பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் விரிசல் தெளிவாகத் தெரிந்தது. எட்டு வாரம் ஓடக்கூடாது என்று கட்டளை. ஒரு வாரத்திற்கு ஒரு நாள் என்று கணக்கிட்டிருந்தால், அந்தப் பதினான்கு மாதத்தில் சுமார் அறுபது நாள் ஓய்வு எடுத்திருப்பேன். கொடுக்க மறுத்த அந்த நாள்களை உடல் மொத்தமாக வாங்கிக்கொண்டுவிட்டது.

மராத்தான் இல்லையென்று ஆனபின் பொங்கலுக்கு ஊருக்கே சென்றேன். கையில் கோலோடு இறங்கிய மகனைக் கண்டு என் அன்னை முதலில் பதறினார். திண்ணையில் அமர்ந்து நடந்ததை எல்லாம் கேட்ட பின்பு, "ஏனப்பா, நெல்லுக்கே காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்பார்கள். உன் காலுக்கு மட்டும் வேண்டாமா?" என்றார். காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இச்சொல் புதிதன்று. வயலில் எப்பொழுதும் நீரைத் தேக்கி வைத்திருந்தால் பயிரின் வேர் வலுப்பெறாது. நீர் பாய்ச்சி, பின்னர் நிலத்தைச் சற்றே காயவிட்டு, மீண்டும் பாய்ச்ச வேண்டும். காய்கின்ற நாள்களில் வேர் கீழ்நோக்கி இறங்கும். நூல்கள் பலவற்றில் நான் படித்த செய்தி இந்த இரண்டு சொற்களில் அடங்கியிருந்தது.

இனி மறுதரப்புச் சான்றையும் நேர்மையாகப் பார்த்தல் வேண்டும். ஓய்வு நாளே இல்லாமல் நெடுங்காலம் ஓடியவர்கள் இருக்கின்றனர். அவர்களுள் புகழ் பெற்றவர் இங்கிலாந்தின் ரான் ஹில். 1969-இல் ஏதென்சில் ஐரோப்பிய மராத்தான் பட்டத்தையும், 1970-இல் பாஸ்டன் மராத்தானையும், அதே ஆண்டு எடின்பரோவில் காமன்வெல்த் மராத்தானையும் வென்றவர். 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல், ஒரு நாளும் தவறாமல் ஓடினார். பாதத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட காலத்திலும் கோல்களை ஊன்றி ஒரு மைல் தூரத்தைக் கடந்தார் என்பர். இது வியக்கத்தக்க செயல் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இதிலிருந்து நாம் எதைக் கற்றுக்கொள்வது? அவர் தமக்கு விதித்துக்கொண்ட குறைந்த அளவு நாளொன்றுக்கு ஒரு மைல். பெரும் போட்டிகளை வென்ற கால்களுக்கு ஒரு மைல் மெல்லோட்டம் ஏறத்தாழ ஓய்வுக்குச் சமம். அன்றியும், எழுபத்தெட்டாம் வயதில் ஓடும்பொழுது நெஞ்சில் வலி கண்டபோது, மனைவி மக்களுக்கும் நண்பர்களுக்கும் தாம் கடமைப்பட்டிருப்பதாகக் கூறி, அரை நூற்றாண்டுத் தொடரை அவரே முடித்துக்கொண்டார். தொடரைக் காப்பாற்றிய உறுதியைக் காட்டிலும் அதை விட்ட துணிவு பெரிது என்று எனக்குத் தோன்றுகின்றது. அவர் 2021-இல் காலமானார்.

மற்றொருவர் செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் எமில் சாட்டோபெக். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மராத்தான் ஆகிய மூன்றையும் வென்றவர். பயிற்சியின் கடுமைக்குப் பெயர் பெற்றவர். 1950-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐரோப்பியப் போட்டிகள் நடப்பதற்குச் சற்று முன்பு, உண்ட உணவு நஞ்சாகி அவர் மருத்துவமனையில் கிடந்தார். ஏறத்தாழ இரண்டு வாரம் பயிற்சியே இல்லை. எழுந்து வந்து 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்கள் இரண்டையும் வென்றார். நோய் வந்தது நல்லது என்று யாரும் கூற மாட்டார். ஆனால் கடும் உழைப்பின் பலன் உழைத்த அன்றே கைக்கு வருவதில்லை, இளைப்பாறிய பின்னரே வருகின்றது என்பதற்கு அவர் பெற்ற வெற்றி ஒரு சான்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றது. பெரும்போட்டிக்கு முன்னர் இரண்டு மூன்று வாரம் ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்வது இக்காலத்தில் எங்கும் வழக்கமாகிவிட்டது.

அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் 1948 முதல் 1972 வரை பயிற்சியாளராக இருந்த பில் போவர்மன் இதை ஒரு முறையாகவே வகுத்தார். ஒரு நாள் கடுமையாக ஓடிய மாணவர் மறுநாள் எளிதாகவே ஓட வேண்டும். சிலருக்கு இரண்டு நாள் எளிதாக அமைய வேண்டும். ஆர்வ மிகுதியால் எளிய நாளிலும் கடுமையாக ஓடுகிறவர்களை அவர் தடுத்து நிறுத்தினார். என் அன்னை நெற்பயிருக்குக் கூறிய விதியும் இதுவே அன்றோ?

ஓய்வெடுத்தால் பெற்றதெல்லாம் போய்விடுமே என்று அஞ்சுவோர்க்கு ஒரு சொல். 1984-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நெடுங்காலம் பயின்றவர்கள் பயிற்சியை அறவே நிறுத்தினர். உடல் உட்கொள்ளும் உயிர்வளியின் உச்ச அளவு முதல் மூன்று வாரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு குறைந்தது. எட்டு வாரத்தில் 16 விழுக்காடு குறைந்தது. மூன்று வாரம் பயிற்சியை நிறுத்தினாலே இழப்பு இவ்வளவுதான் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நாம் இழப்பது என்ன? ஒன்றும் இல்லை என்றே கூறலாம்.

ஆகவே யாருக்கு எவ்வளவு ஓய்வு வேண்டும் என்பதைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். புதிதாகத் தொடங்குகிறவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுவது நல்லது. அவ்வாறு ஆறு மாதமேனும் பழகட்டும். ஓராண்டுக்கு மேல் ஓடிப் பழகியவர் வாரத்தில் ஒரு நாளை முழு ஓய்வாக வைத்துக்கொள்ளட்டும்; ஐம்பது வயதைக் கடந்தவர் இரண்டு நாளாக வைத்துக்கொண்டாலும் குறைவில்லை. நான்கு வாரத்திற்கு ஒரு வாரம் தூரத்தைக் குறைத்துக்கொள்வதும் நன்று. நாள்தோறும் ஓடியே தீருவேன் என்னும் நெடுநாள் பயிற்சியாளர், இரண்டு கடும் நாள்களை அடுத்தடுத்து வைக்காமல், இடையிலுள்ள நாளில் தடையின்றிப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெல்லோட்டமாக ஓட வேண்டும்.

உடல்நலத்தின் பொருட்டு ஓடுகிறவர்களுக்கு நாள்தோறும் ஓட வேண்டிய தேவையே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, வாரத்திற்கு 75 முதல் 150 நிமிடக் கடும் பயிற்சியோ, 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியோ போதும் என்கின்றது. வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்றும் அது கூறுகின்றது. அரை மணி வீதம் வாரத்தில் நான்கு நாள் ஓடினாலே முதற்பகுதி நிறைவேறிவிடும்.

ஓய்வு நாளென்றால் கட்டிலில் கிடப்பது என்று பொருளன்று. நடக்கலாம். நடக்கும்பொழுது ஒரு பாதம் எப்பொழுதும் தரையில் இருப்பதால், ஓட்டத்தின் தாக்குதல் கால்களுக்கு இல்லை. யோகாசனம் செய்யலாம், நீந்தலாம். நன்றாக உறங்க வேண்டும். பருப்பு, பால், முட்டை போன்ற புரத உணவு கொள்ள வேண்டும். மெலிய வேண்டும் என்று உணவைக் குறைத்துக்கொண்டு மிகுதியாக ஓடுவது, எலும்பைப் புதுப்பிக்கும் பொருளையே உடலுக்கு இல்லாமல் செய்துவிடும். ஓடும் பெண்களுக்கு மாதவிலக்கு தவறத் தொடங்கினால், அது பெருமைப்படத்தக்க ஒன்று அன்று. உணவும் ஓய்வும் போதவில்லை என்று உடல் விடுக்கும் எச்சரிக்கையாக இருக்கக்கூடும். மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

ஓய்வு தேவை என்பதை உடல் வேறு வழிகளாலும் அறிவிக்கின்றது. காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாடியை எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்புகள் மிகுந்து சில நாள் நீடித்தால், முந்திய உழைப்பிலிருந்து உடல் இன்னும் மீளவில்லை என்று கொள்ளலாம். களைப்பிருந்தும் உறக்கம் வாராமை, காரணமின்றி எரிச்சல், பழகிய தூரம் கடினமாகத் தோன்றுதல் ஆகியனவும் குறிகளே. தொடக்கத்தில் இருந்து, ஓட ஓட மறையும் பிடிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓட ஓட மிகும் வலியும், எலும்பின்மேல் விரல் வைத்துக் காட்டத்தக்க ஓரிடத்து வலியும் ஓட்டத்தை உடனே நிறுத்த வேண்டியவை. காய்ச்சலோடு ஓடுதல் அறவே கூடாது. அது இதயத் தசையின் அழற்சிக்கு இடம் தரக்கூடும். நெஞ்சு வலித்தால் அவ்விடத்திலேயே நின்று உதவி தேட வேண்டும்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு அந்தந்த ஊரின் பருவமும் ஓய்வு நாளைக் குறித்துக் கொடுக்கின்றது. அக்டோபர் முடிவு முதல் ஜனவரி வரை தில்லியில் காற்று பலமுறை நஞ்சாகின்றது. காற்றுத் தரக் குறியீடு 300-க்கு மேல் சென்றால் 'மிக மோசம்', 400-க்கு மேல் சென்றால் 'கடுமை' என்று அரசு அறிவிக்கின்றது. ஓடும்பொழுது நாம் வழக்கத்தைப் போல் பல மடங்கு காற்றை உள்ளிழுக்கின்றோம் என்பதை எண்ணினால், அத்தகைய நாளில் வெளியே ஓடுவது நலத்தைத் தேடிச் சென்று நோயை வாங்கி வருவதாகும். மும்பை மராத்தானுக்குத் தில்லியிலிருந்து பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்த மாதங்களே பயிற்சிக் காலமாகவும் அமைவது ஓர் இடர்ப்பாடு. அவர்கள் காற்று கெட்ட நாளையே ஓய்வு நாளாக மாற்றிக்கொள்ளும் நெகிழ்ச்சி உடையவராயிருத்தல் நலம். மே, ஜூன் மாதத்து வடநாட்டு வெயிலுக்கும், கொல்கத்தா, மும்பை நகரங்களின் புழுக்கத்திற்கும் இதே விதி பொருந்தும்.

என்னைப் போன்றவர்கள் ஓய்வை மறுப்பதற்கு உடலைக் காட்டிலும் உள்ளமே காரணம் என்பதைப் பின்னர் உணர்ந்தேன். அயலூரில் நமக்கென்று சொல்லிக்கொள்ளத்தக்கது குறைவு. அலுவலகம் மேலதிகாரிக்கு உரியது, வீடு வாடகைக்காரருடையது, காலை ஓட்டம் ஒன்றுதான் நம்முடையது. அதை ஒரு நாள் விட்டாலும் எதையோ பறிகொடுத்தது போல் மனம் தவிக்கின்றது. அந்தத் தவிப்பைக் குறை கூற நான் விரும்பவில்லை. ஆனால் நாள்காட்டியின் வட்டத்திற்காக ஓடத் தொடங்கிய அன்றே ஓட்டம் நம் கையை விட்டுப் போய்விடுகின்றது. பதினான்கு மாதம் ஒரு நாளும் விடாமல் ஓடுவதைவிட, எழுபது வயதிலும் ஓடக்கூடிய கால்களோடு இருப்பது மேல்.

இப்பொழுது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓடுவதில்லை. நாள்காட்டியில் அந்த நாளுக்குப் பச்சை மையால் வட்டமிடுகின்றேன். அதுவும் பயிற்சியின் கணக்கிலேயே சேர்கின்றது. முன்பு ஓடிய நேரத்தில் ஊருக்குத் தொலைபேசியில் பேசுகின்றேன். "இன்று பாய்ச்சலா, காய்ச்சலா?" என்று அன்னை கேட்பார். "காய்ச்சல்தான் அம்மா" என்பேன். அடுத்த அறையில் இருந்து இதைக் கேட்ட தில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள், ஒரு முறை மருந்துப் பெட்டியோடு ஓடி வந்துவிட்டாள். அவளுக்கு அந்தச் சொல்லின் பொருளை விளக்கிக் கூற அன்று எனக்கு நேரம் இருந்தது.